பொட்டு வைத்த ட்ரோனும் கட்டியில்லாத களியும்

"தெரியாது" என்ற சொல் இரண்டு பேர் முன்னால் மட்டும் வாயில் வரவே வராது. ஒருவர் புதிதாக வாய்த்த மாமியார். இன்னொருவர் சம்பளம் கொடுக்கிற தாளாளர். நான் கல்யாணமான முதல் வருஷமே இரண்டு பேரிடமும் வாய் கூசாமல் "தெரியுங்க" என்று சொன்னவள். மாமியார் கேட்டது, களி கிண்டத் தெரியுமா என்று. தாளாளர் கேட்டது, ட்ரோன் ஓட்டத் தெரியுமா என்று. இந்த இரண்டு பொய்யும் கைகோத்துக்கொண்டு ஒரே அண்டாவுக்குள் போய் விழும் என்று யார் கண்டார்கள்?

முதலில் களிப் பொய். நான் பிறந்து வளர்ந்தது மொரப்பூரில், ரயில் சத்தத்துக்கு நடுவில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டில் சோறு, இட்லி, மிஞ்சினால் உப்புமா. என்றைக்காவது கேழ்வரகுக் களி சாப்பிட ஆசை வந்தால் எங்கம்மா அதைக் குக்கரில் வைத்து இறக்கிவிடுவார். அது கஞ்சியாகவும் இருக்காது, களியாகவும் இருக்காது. நாங்களும் ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே மதியம் களி இல்லையென்றால் அது சாப்பாட்டிலேயே சேர்த்தி இல்லை.

களி கிண்டுவதற்கென்றே துடுப்பு என்று நீளமாக ஒரு கட்டை உண்டு. கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டி, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, இடுப்பு கழன்று விழுகிற மாதிரி கிண்ட வேண்டும். நான் கிண்டினால் களி வராது, கட்டி வரும். எங்க வூட்டுக்காரர் சக்திவேல் அதிகம் பேசாத மனிதர். கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார். அத்தை அந்த வரிசையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"ஏம்மா, மொரப்பூர்ல ரயிலு மட்டுந்தான் ஓடுமா? துடுப்பு ஓடாதா?"

(சிரித்து வைப்பேன்.)

இந்த அவஸ்தையிலிருந்து தினமும் காலையில் என்னைக் காப்பாற்றியது எங்கள் பள்ளி பஸ். அந்தத் தனியார் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். அங்கே போனால் நான் "மேடம்". என் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுக்கப் பிள்ளைகள் உண்டு. தட்டின் ஓரத்தில் யாரும் எதையும் வரிசையாக வைக்க மாட்டார்கள். அந்த வேலை எனக்கு உயிர்.

எங்கள் தாளாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், பரபரப்பான மனிதர். எதை ஆரம்பித்தாலும் பூஜை போட்டுத்தான் ஆரம்பிப்பார். பள்ளி பஸ்ஸுக்குப் பூஜை போட்டார், அது ஊர் வழக்கம். ஜெராக்ஸ் மிஷினுக்குப் போட்டார். குடிதண்ணீர் சுத்திகரிக்கிற பெட்டிக்குப் போட்டார். என் கம்ப்யூட்டர் லேபில் ஒவ்வொரு மானிட்டருக்கும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருக்கும். இந்தப் பொட்டு வைக்கிற வேலையை மட்டும் வேறு யாரிடமும் விட மாட்டார். வலது கை மோதிர விரலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு பச்சைக்கல் மோதிரம் போட்டிருப்பார். அந்த விரலால் பொட்டு வைத்தால் தொட்டதெல்லாம் துலங்கும் என்று யாரோ ஒரு ஜோசியர் சொல்லிவிட்டாராம். பேசும்போதும் அந்தக் கல்லை உருட்டிக்கொண்டேதான் பேசுவார்.

அடுத்த ஊர்ப் பள்ளியில் ரோபோ வகுப்பு ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அந்தக் கல் மிக வேகமாக உருண்டது. அந்த வாரமே பெங்களூர் போய் ஒரு ரேஸ் ட்ரோனை வாங்கி வந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. நாலு இறக்கை, முன்னால் ஒற்றைக் கண் மாதிரி ஒரு குட்டிக் கேமரா.

"மேடம், உங்களுக்கு ட்ரோன் ஓட்டத் தெரியுங்களா?"

நான் அதுவரை நேரில் பார்த்த ஒரே ட்ரோன், என் கல்யாணத்தில் போட்டோக்காரர் பறக்கவிட்டதுதான். அதற்குப் பயந்து தாலி கட்டுகிற நேரத்தில் தலையைக் குனிந்தவள் நான்.

"தெரியுங்க சார்."

"ரேஸு உடறது?"

"அதுவும் தெரியுங்க சார்."

"அப்புடிப் போடுங்க! பசங்களுக்கு ட்ரோன் ரேஸ் சொல்லிக் குடுக்கறாப்ல வீடியோ எடுங்க. வூட்ல போன்லயே பாத்துக் கத்துக்கட்டும். மொத வீடியோவ பேரண்ட்ஸ் மீட்டிங்ல போட்டுக் காட்டறோம். நல்லா வந்துச்சுன்னா ட்ரோன் கிளப்பு உங்குளுது." கல் ஒரு சுற்று உருண்டது. "வரலைன்னா, பெங்களூர்ல ஒரு கம்பெனிக்காரரு இருக்காரு. ட்ரோனும் நானே எடுக்கறேன், கம்ப்யூட்டர் கிளாஸும் நானே எடுக்கறேன்னு நச்சரிக்கறாரு. அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீடியோ சொதப்பினால் கம்ப்யூட்டர் வகுப்பும் போச்சு, வேலையும் போச்சு. வேலை போனால் காலையில் பஸ் இல்லை. காலை முதல் மாலை வரை வூடு, அத்தை, துடுப்பு. நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

பயம் வந்தால் படிப்பு தானாக வரும். லேப்டாப்பில் ட்ரோன் ஓட்டிப் பழகுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு ராப்பகலாக உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் நான் முட்டாத சுவர் இல்லை, மோதாத மரம் இல்லை. பிறகு பள்ளி மைதானத்தில் நிஜ ட்ரோனைத் தூக்கிப் பழகினேன். ரேஸ் ட்ரோன் ஓட்டுகிறவர் முகத்தை முழுசாக மூடுகிற பெரிய கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். ட்ரோனின் கேமரா பார்ப்பது மட்டும்தான் அதில் தெரியும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. நாமே ட்ரோனுக்குள் உட்கார்ந்து பறக்கிற மாதிரி இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், ஓரளவுக்கு வந்துவிட்டது. வந்ததும் கூடவே திமிரும் வந்தது. "இதென்ன பிரமாதம்" என்று ஸ்டாஃப் ரூமில் பேச ஆரம்பித்துவிட்டேன்.

வீடியோ எடுக்க எங்கள் தக்காளித் தோட்டத்தையே தேர்ந்தெடுத்தேன். காய்ப்பு முடிந்து செடியைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள், நிலம் வெறுமையாகக் கிடந்தது. தக்காளிக்கு ஊன்றிய குச்சிகளை எடுத்து நட்டு, மேலே குறுக்காகத் துணியைக் கட்டி, மூன்று கேட் தயார் செய்தேன். முதல் இரண்டு கேட்டுக்கும் என் பழைய புடவைகள். மூன்றாவது கேட்டுக்குச் சிவப்புக் கரை போட்ட வெள்ளை வேட்டி. பந்தயம் என்றால் ட்ரோன் இந்தக் கேட்டுகளுக்குள் வரிசையாகப் புகுந்து வெளியே வர வேண்டும்.

"குச்சிய ஒடச்சிடாத. அடுத்த நடவுக்கு வேணும்." எங்க வூட்டுக்காரர் அந்த வாரம் பேசியதிலேயே நீளமான வசனம் அதுதான்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தது. கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும், ஆலையிலிருந்து "வெட்டு" என்று சொல்லிவிட்டால் பெண்ணுக்குப் பிரசவம் என்றாலும் வெட்டத்தான் வேண்டும். பக்கத்துக் கரும்புக் காட்டில் அதே ஞாயிற்றுக்கிழமை வெட்டு. ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, அத்தை அண்டாவை ஏற்றிவிட்டார். களி. கூடவே கருவாட்டுக் குழம்பு.

"நீ போயி உன் வெளையாட்டப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. அதில் பாசம் எவ்வளவு, என் கட்டியின்மேல் உள்ள பயம் எவ்வளவு என்று ஆராய எனக்கு நேரம் இல்லை.

மறுநாளே மீட்டிங். தள்ளிப்போட வழியில்லை. எங்க வூட்டுக்காரர் கையில் போனைக் கொடுத்து என்னைப் படம் பிடிக்கச் சொன்னேன். ட்ரோனின் பார்வையில் தெரிவது தனியாகக் கண்ணாடிக்குள் இருக்கிற மெமரி கார்டில் பதிவாகும். ஏற்பாடெல்லாம் பக்கா.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! வான்வெளியில் சமநிலையோடு மிதத்தலே ட்ரோன் பந்தயத்தின் முதற்படியாகும்!"

(இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய வசனம். அடித்துத் திருத்தி, முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தது.)

மிதத்தலே என்று சொல்லும்போது கரும்பு டிராக்டர் ஒன்று டர்ரென்று கிளம்பியது. மறுபடி ஆரம்பித்தேன். கோயில் மைக்செட்டில் பாட்டு போட்டார்கள். மறுபடி. இந்தத் தடவை வரப்போடு போய்க்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் நேராக வந்து இவர் பிடித்திருந்த போனுக்கு முன்னால் நின்றார்.

"மருந்தடிக்கற ட்ரோனுங்களா?"

"இல்லீங்க, இது ரேஸு."

"ரேஸா? மருந்து எம்புட்டு புடிக்கும்?"

"மருந்தே புடிக்காதுங்க."

"அப்பறம் எதுக்குங்க இது?" உண்மையான வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போனார்.

கேமரா சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க ட்ரோனை ஆன் செய்து, கண்ணாடியில் பதிவையும் அழுத்திவிட்டேன். அப்போது தோட்டத்து மண்பாதையில் தாளாளரின் கார் வந்து நின்றது. இறங்கும்போதே கையில் பூஜைத் தட்டு.

"முகூர்த்தத்துக்குப் போறேன் மேடம். போற வழியில நம்ம ட்ரோனுக்கு ஒரு பூஜையப் போட்டுட்டுப் போயிரலாம்னு."

வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ட்ரோனை ஒரு தக்காளிக் கிரேட்டின்மேல் வைத்தேன். அத்தையும் துடுப்பை வைத்துவிட்டு ஓடி வந்தார். தேங்காய் உடைத்தாயிற்று, எலுமிச்சம்பழம் சுற்றியாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. நான் கண்ணை மூடி, கடவுளே என் வேலை போகக் கூடாது என்று மனமுருக வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால், ட்ரோனின் ஒற்றைக் கண் இருந்த இடத்தில் அரையணா அகலத்துக்குச் சந்தனம். அதற்குமேல் குங்குமம்.

தாளாளரையும் குற்றம் சொல்ல முடியாது. பொட்டு வைப்பதற்கு அவரும் நெற்றியைத்தான் தேடியிருப்பார். அந்த ஜீவனுக்கு முகம் என்று இருந்ததே அந்தக் கேமரா ஒன்றுதான்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். தோட்டமும் இல்லை, கேட்டும் இல்லை. எங்கும் ஒரே மங்களகரமான சிவப்பு. மெதுவாகப் புடவைத் தலைப்பை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"ஏய்! ஏய்! என்ன காரியம் பண்ற?" அத்தை போட்ட சத்தத்தில் கரும்புக்குள் இருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "வெச்ச பொட்ட அழிக்கறியா? நல்ல நாளும் அதுவுமா, சுமங்கலி அழிக்கற காரியமா இது?"

"கண்ணு தெரியலீங்க அத்தை…"

"அதுக்கு? பொட்ட அழிச்சுட்டுத்தான் கண்ணு தெரியணுமா?"

தாளாளர் சமாதானம் செய்தார். "வுடுங்க மேடம். பறக்கற வேகத்துல காத்துக்கு அதுவே உதுந்துரும்." சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகாவது துடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கம்ப்யூட்டர் படித்தவள், பிள்ளைகளுக்கு அறிவியல் மனப்பான்மை பற்றி வகுப்பெடுப்பவள். எனக்கும் கை வரவில்லை என்பதுதான் நிஜம். ஒருவேளை நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால்? பக்கத்தில் என் புருஷன் வேறு போனோடு அப்பாவியாக நிற்கிறார். கடைசியில் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். பொட்டை அழிக்காமல், சுண்டு விரல் நகத்தால் ஓரத்தை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டேன். இடது பக்கமாகப் பிறை மாதிரி ஒரு சந்து கிடைத்தது. அது வழியாகக் கொஞ்சம் உலகம் தெரிந்தது. இது போதும், கதவைச் சாத்திக்கொண்டு சாவித் துவாரத்தில் பார்ப்பதில்லையா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கிளப்பினேன். முதல் கேட்டின் புடவை சந்தில் தெரிந்தது. நுழைந்துவிட்டேன்! இரண்டாவது கேட்டில் இறக்கை புடவையை உரசிய சத்தம் கேட்டது, ஆனாலும் நுழைந்துவிட்டேன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா மாணவர்களே! தன்னம்பிக்கையே பந்தயத்தின் இரகசியம்!" என்று கண்ணாடிக்குள்ளிருந்து முழங்கினேன். மூன்றாவது கேட்டுக்காகத் திரும்பினேன்.

நான் கண்ணாடிக்குள் மூழ்கியிருந்த நேரத்தில் வெளியுலகில் ஒரு சின்னச் சம்பவம் நடந்திருந்தது. வெயில் ஏறி, புளியமர நிழல் விலகி, அத்தைக்கு முகத்தில் வெயில் அடித்திருக்கிறது. சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறார். தோட்டத்து ஓரத்தில் இரண்டு குச்சியும் ஒரு வேட்டியும் சும்மா நிற்கின்றன. பிடுங்கிக்கொண்டு போய் அண்டாவுக்கு இந்தப் பக்கம் நட்டு, நிழல் கட்டிக்கொண்டுவிட்டார். சும்மா கிடக்கிற எதையும் வேலையில் வைப்பதுதான் எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களின் தர்மம்.

என் சந்தில் சிவப்புக் கரை போட்ட வெள்ளை வேட்டி தெரிந்தது. நான் நட்ட இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி இருந்த மாதிரிதான் பட்டது. வேகத்தில் அப்படித் தோன்றும் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் புகைமூட்டமாக இருந்தது. பனி என்று நினைத்துக்கொண்டேன். வேகத்தைக் கூட்டி, பதம் பார்த்து இறக்கி, வேட்டிக்கு நேர் கீழே, இரண்டு குச்சிக்கும் சரியாக நடுவில் நுழைந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு கச்சிதமாக நுழைந்த கேட் வேறு கிடையாது.

பொதக்.

கண்ணாடியில் சிவப்பு போய் ஒரே இருட்டு. நான் கலங்கவில்லை. ஆசிரியர் கலங்கலாமா? "மாணவர்களே, இப்போது நமக்குச் சிக்னல் பிரச்சினை ஏற்பட்டுள்ளது. இத்தகைய தருணத்தில் பதற்றமின்றி வேகத்தைக் கூட்ட வேண்டும்" என்று விசையை மேலே தள்ளினேன். எங்கிருந்தோ உர்ர்ர் என்று ஒரு முனகல். இன்னும் தள்ளினேன். சத் சத்தென்று எதுவோ சுவரில் அடித்தது.

"கைய எடுடீஈஈ!"

கண்ணாடியைக் கழற்றினேன். எதிரே அத்தை, துடுப்பை ஓங்கிப் பிடித்தபடி. அவருக்கு முன்னால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த அண்டா. அண்டா நிறைய ஆவி பறக்கும் களி. களிக்கு நடுவில், பாதி உடம்பு உள்ளே போய், வாலைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்து ரேஸ் ட்ரோன். நல்லவேளை, யார்மேலும் படவில்லை. மோட்டார் ரூம் சுவரும் புளியமரமும்தான் வாங்கிக்கொண்டன. பூமி பிளந்தால் தேவலை என்று நினைத்தேன். பாலக்கோட்டுப் பக்கம் பூமி ரொம்பக் கெட்டி.

பசியோடு வந்து நின்ற கரும்பு வெட்டுகிறவர்கள் அண்டாவைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவர்களுடைய மேஸ்திரி மட்டும் குனிந்து ட்ரோனை உற்றுப் பார்த்தார். அதைச் சுற்றிக் களி நெகிழ்ந்து, வழுவழுவென்று சுழி போட்டிருந்தது.

"ஆயா, மெஷினு நல்லாத்தான் கிண்டியிருக்குது. ஒரு கட்டியக் காணமே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. துடுப்பை என் கையில் கொடுத்தார்.

"இத்தன வயித்துக்கு நீதான் பதில் சொல்லணும். கிண்டு."

இறக்கை உடைந்து உள்ளே கிடக்குமோ என்று அந்தக் களி முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தோம். மறுபடி உலை வைத்து, மாவு கொட்டி, நானே கிண்டினேன். கண்ணில் புகை, மூக்கு நுனியில் கண்ணீர், கையில் கொப்புளம். களி வந்தது. கூடவே கட்டிகளும் வந்தன, சும்மா நெல்லிக்காய் நெல்லிக்காயாக. பாவம், பசியில் யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். மேஸ்திரி மட்டும் கை கழுவும்போது தாங்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. அந்த மெஷினு கிண்டுனதே தேவலாம்."

வீட்டுக்கு வந்து இவருடைய போனைப் பார்த்தேன். நான் ட்ரோனைக் கிளப்பிய நேரத்தில் இன்னொரு டிராக்டர் வர, கரும்புக் கட்டுத் தூக்கிவிட ஓடியவர், பதிவை நிறுத்தாமல் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். பறந்த வீடியோ மொத்தமும் சட்டைப் பாக்கெட்டின் உட்புறம். ஒலி மட்டும் துல்லியம். மிச்சம் இருந்தது கண்ணாடியின் மெமரி கார்டு ஒன்றுதான். அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அப்படியே குப்புறப் படுத்து அழுதேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குச்சி ஒண்ணுகூட ஒடையல" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

மறுநாள் மீட்டிங் ஹாலில் பெற்றோரும் பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். முதல் வரிசையில் அயர்ன் பண்ணிய சட்டையும் ஷூவுமாக ஒருவர், பெங்களூர்க் கம்பெனிக்காரர். அவரைப் பார்த்ததுமே எனக்குத் தீர்ந்தது கதை என்று தெரிந்துவிட்டது. ஊரில் செய்தி பரவாமல் இருக்குமா? தாளாளர் மைக்கைப் பிடித்துக் கல்லை உருட்டினார்.

"நேத்து ஒரு சின்ன அசம்பாவிதம். நம்ம மேடத்துக்கிட்ட ஒரு பொறுப்பக் குடுத்தேன், கொண்டுபோயி ட்ரோன களியில உட்டுட்டாங்க. நாளைக்கு யாரும் என்னக் கொறை சொல்லக் கூடாது பாருங்க, அதனால எடுத்ததப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கேன். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, இவங்களே நடத்தலாமா, இல்ல வெளிய இருந்து ஆளப் போடலாமான்னு."

மெமரி கார்டைப் போட்டேன். அந்தப் பதிவில் ஒலி கிடையாது. நான்தான் பேச வேண்டும். எழுதி வைத்த தமிழ் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. போகிறதுதான் போகிறது, இருக்கிறதைச் சொல்லிவிட்டுப் போவோம் என்று மைக்கை வாங்கினேன்.

திரையில் முதலில் வானம். அப்புறம் அத்தையின் மோவாய். அப்புறம் ஒரு கற்பூரச் சுடர். அப்புறம் ஒரு விரல். சந்தனம் தோய்ந்த அந்த விரல் மெதுவாக, மிகுந்த பக்தியோடு, கேமராவை நோக்கி வந்தது. வர வரப் பெரிதானது. திரை முழுக்க விரலானது. விரலில் ஒரு மோதிரம். மோதிரத்தில், தேங்காய் அளவுக்கு, பச்சைக்கல்.

அப்புறம் ஒரே சிவப்பு.

கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா சத்தமாகக் கேட்டார்: "ஏங்க, அது நம்ம சார் மோதரமாட்டம் இல்ல?"

எல்லாத் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது. தாளாளரின் வலது கை மெதுவாகப் பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது.

அந்த நிமிஷத்தில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "பாத்துக்கங்க பசங்களா, இதான் பாடம் ஒண்ணு" என்றேன். "பறக்கறதுக்கு முன்னால கேமராவத் தொடைக்கணும். நான் தொடைக்கல. பொட்ட அழிக்கப் பயந்துட்டேன். இப்ப இந்தச் சந்து வழியா நான் என்ன பாக்கறேன்னு பாருங்க." முதல் கேட்டில் எப்படி நுழைந்தேன், இரண்டாவதில் எங்கே உரசினேன், மூன்றாவது கேட் நகர்ந்திருப்பது தெரிந்ததும் ஏன் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அண்டா நெருங்கியபோது, "மேடம்… ஏத்துங்க, மேல ஏத்துங்க!" என்று நாலு பேர் எழுந்து நின்று கத்தினார்கள். திரையில் களி வந்ததும் ஹாலே அதிர்ந்தது. பெங்களூர்க்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் தாளாளரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். மோதிரத்தை ஒரு தடவை பார்த்தார்.

"வெச்சது நாந்தாங்க" என்றார். "கண்ணுலயே வெச்சுப்புட்டேன். கண்ணு தெரியாமயே ரெண்டு கேட்டு தாண்டியிருக்காங்க. தெரிஞ்சா எத்தன தாண்டுவாங்க? கிளப்ப மேடமே நடத்தட்டும்." கைதட்டலுக்கு நடுவில் என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "ஆனா மேடம், பொட்டு இல்லாம ஆரம்பிக்கறது மனசுக்கு ஒப்பல. வேற எங்கியாவது வெக்கலாமுங்களா?"

"பேட்டரி மேல வெச்சுக்கலாமுங்க சார்" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

இன்றைக்கும் எங்கள் கிளப்பில் பேட்டரிக்குத்தான் பொட்டு. வைப்பவர் அவர்தான். அதன் பிறகு எத்தனையோ வீடியோ எடுத்துவிட்டேன், சமநிலையோடு மிதத்தல் என்ற பேச்சே எதிலும் கிடையாது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதலில் போட்டுக் காட்டுவது அந்தக் களி வீடியோவைத்தான். பந்தயத்துக்குப் போனால் எங்கள் பிள்ளைகள் கேமராவைத் துடைக்கிற துடைப்பை மற்றப் பள்ளிக்காரர்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

ட்ரோன் கை வந்துவிட்டது. களி இன்னும் வரவில்லை. இவர் தட்டில் முதல் கட்டியைப் பொறுக்கி ஓரத்தில் வைத்ததும் ஒரு தடவை அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். "இன்னிக்கி மெஷினு லீவா?" என்பார். அதிகம் பேசாத மனிதர் இந்த ஒன்றை மட்டும் சலிக்காமல் சொல்வார்.

கேட்டை நகர்த்தியது யார் என்ற பேச்சை எடுத்தால் அத்தைக்குக் காது கேட்காது. ஆனால் ஒரு கல்யாணம், காதுகுத்து என்று போனால், யாராவது சொந்தக்காரர் என்னைப் பார்த்து இது யார் என்று கேட்டால் போதும். அத்தை என் தோளில் கையைப் போட்டு இழுத்து முன்னால் நிறுத்திவிடுவார்.

"எம் மருமக. டீச்சரு. களியெல்லாம் இவ நம்மளாட்டம் குனிஞ்சு கிண்ட மாட்டா, மேல இருந்தே கிண்டுவா. மருந்துக்கு ஒரு கட்டி இருக்காது!"

எல்லோரும் சிரிப்பார்கள். என் களியில் கட்டி இல்லை என்று அத்தை வாயிலிருந்து வருகிற ஒரே சந்தர்ப்பம் அதுதான். அதனால் நான் மறுத்துப் பேசுவதில்லை.